பத்து விநாடிக்கு ஒருமுறை

டிக்.

பாட்டுக்கு நடுவே டிக்.
மரண அறிவித்தலில்
மூன்றாவது மகளின் பெயருக்கும்
நான்காவது மகளின் பெயருக்கும் நடுவே
டிக்.

மின்தேக்கியை மாற்றிப் பார்த்தேன். ஏரியலை மாற்றிப் பார்த்தேன்.
ஈயத்தை உருக்கி எடுத்து மறுபடி வைத்தேன்.
"பழுது உங்கட ரேடியோவில இல்லை அண்ணை,
மலையில"
என்று காசு வாங்காமல் அனுப்பிய நாட்களும் உண்டு.

என்.சி. வீதியில் என் கடை.
சீனன்குடாப் பக்கம், குன்றின் மேல்,
ஓர் இரும்புச் சுளகு
இரவு பகலாக வானத்தைப் புடைத்துக்கொண்டிருந்தது.
பத்து விநாடிக்கு ஒரு சுற்று.
சுற்றி வரும்போது
என் மேசையில் திறந்து கிடக்கும் ரேடியோக்களையெல்லாம்
ஒருதரம் தொட்டுவிட்டுப் போகும்.

புரட்டாதியில் ஓர் இரவு
முழு நகரத்துக்கும் விளக்கை அணைத்தார்கள்.
சைரன். பிறகு துறைமுகத்திலிருந்து
சிவப்புச் சிவப்பாய்க் குண்டுகள் மேலே போயின,
யாரோ இருட்டைத் தைக்கிற மாதிரி.
மேசைக்குக் கீழே படுத்திருந்தேன்.
பற்றரி ரேடியோ மட்டும் நிதானமாக இருந்தது,
டிக்,
அதற்கு அவசரமே இல்லை.

விடிந்தபோது கடையின் தகரக் கூரையில்
ஓர் ஆலாப் பறவை, ஒரு செட்டை இல்லாமல்.

கோப்ரல் ஹேமால் அதற்கு இரண்டு கிழமை கழித்து வந்தார்.
கையில் சின்ன ரேடியோ.
கிரிக்கெட் கேட்கும்போது சத்தம் வருகுதாம்.
"அது நீங்கள்தான்" என்றேன்.
அவருக்கும் சிரிப்பு வந்தது.
அன்று துவக்கு இல்லை,
பொலித்தீன் பையில் அரைக் கிலோ நெத்தலி.

மூடியைக் கழற்றினேன்.
உடைந்த தமிழில், யாரும் கேளாமலே, சொல்லத் தொடங்கினார்:
அன்றைக்கு வந்தது விமானமில்லை.
வடக்கிலிருந்து, பதிவாக, கூட்டமாக.
திரையில் எல்லாம் ஒரே புள்ளிதான், அக்கா,
புள்ளிக்கு இறகு தெரியாது.

எவ்வளவு தூரம் தெரியும் என்றேன்.
இருநூறு மைல்.
தலைக்கு நேர் மேலே தெரியாது.
காலடியில் தெரியாது.

காலடியில்தான் நாங்கள் இருந்தோம்.
பாலையூற்றில், எங்கள் ஒழுங்கையில்,
வெள்ளை வான் நாலு நிமிடம் நின்றது,
சைக்கிள் கடை சுகிர்தனை ஏற்றும் வரைக்கும்.
அந்தச் சுளகு இருபத்துநாலு தரம் எங்களைக் கடந்து போனது.
நான் எண்ணினேன்.
வேறென்ன செய்ய,
ரேடியோ போட்டபடி கிடந்தது,
யாரோ பிறந்தநாள் வாழ்த்துக் கேட்டிருந்தார்கள்.

இதை அவரிடம் சொல்லவில்லை.
ஈயம் புகைந்தது. கண் எரிந்தது.

அவர் நிறுத்தவில்லை.
அசையாததையெல்லாம் மெஷின் அழித்துவிடுமாம்.
மலை, கோபுரம், எண்ணெய்க் குதம்,
போட்டது போட்டபடி இருக்கிற எதுவும்
திரையில் வராது.
ஓடினால் புள்ளி.
நின்றால் இல்லை.

சுகிர்தனின் மனைவி நிரோஜினி
அன்றைக்கும் கச்சேரி வாசலில் நின்றாள்.
காலை ஆறு மணியிலிருந்து,
கையில் ஒரு படம், அடையாள அட்டையின் போட்டோப் பிரதி.
அவளுக்கு முன்னால் நாற்பது பேர், பின்னால் எத்தனையோ.
வரிசை மத்தியானம் வரை அசையவில்லை.

"அழித்ததைத் திரும்பக் கொண்டுவர ஏலாதா?"

ஒரு கணம் என்னைப் பார்த்தார்.
ஆணி முடுக்கி என் கையில் நின்றது.
"ஒரு பொத்தான் இருக்கு, அக்கா.
அதை அமத்தினா
நிக்கிற எல்லாம் வந்திடும்.
திரை முழுக்க வெள்ளையாகிடும்.
பிறகு ஒரு விமானத்தையும் பார்க்க ஏலாது."

"நீங்கள் அமத்திப் பார்த்திருக்கிறீங்களா?"

நெத்தலிப் பையை மற்றக் கைக்கு மாற்றினார்.
எவ்வளவு என்று கேட்டார்.
நூற்றைம்பது ரூபா.
ஐந்நூறு ரூபாத் தாளை வைத்துவிட்டு
மிச்சத்துக்கு நிற்காமல் போனார்.

மூடியைப் பூட்டிக் கொடுத்த ரேடியோவில்
பழுது ஏதும் இருந்திருக்கவில்லை.